மாமனார் ஏலம் எடுத்த சுரைக்காய்

என் வாழ்க்கையிலேயே நான் போட்ட பெரிய சபதம் காய்கறியைப் பற்றியது. அதுவும் யார் முன்னால்? என் மாமனார் கஸ்பார் முன்னால். சபதம் போடும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது. சொன்ன சொல்தான் சரியில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் யேசுதாஸ். ஊர் தங்கச்சிமடம். தீவுக் கடற்கரையில் பிறந்தவன். அப்பன், பாட்டன் எல்லோரும் வள்ளத்தில் ஏறி மீன் பிடித்தவர்கள். நான் மட்டும் கடலுக்கு ஆகாதவன். வள்ளத்தில் ஏறினால் எனக்குக் குமட்டும். அது ஓட வேண்டும் என்றுகூட இல்லை. நங்கூரம் போட்டு நிற்கிற வள்ளத்தைக் கரையில் இருந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாலே அடிவயிறு பிசையும். அதனால் ஊரார் வலையில் கிழிசல் பொத்திக் கொடுத்துப் பிழைக்கிறேன். கௌரவமான வேலை. உட்கார்ந்த இடத்தில் வேலை. தலைக்கு மேல் பூவரச நிழல். கூப்பிடு தூரத்தில் டீக்கடை.

கல்யாணமான புதிதில் மாமா என்னை ஒரே ஒரு தடவை கடலுக்குக் கூட்டிப் போனார். அவர் சொந்த வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டி. என் அம்மாவுக்குத் தம்பி முறையும் வேண்டும். அன்றைக்கு வள்ளம் நிறையச் சூடை மீன். திரும்பி வரும்போது அத்தனை மீனுக்கு மேலும் நான்... வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வாரம் பூரா 'கஸ்பார் வள்ளத்து மீனா?' என்று கேட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்களாம், மீன் வாங்க வந்த பெண்கள்.

இதெல்லாம் பழைய கதை. புதுக் கதை, நயா பைசா வந்த வருஷம், பாஸ்குத் திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின தபசு காலத்தில் ஆரம்பித்தது. நான் நிழலில் உட்கார்ந்து, டீக்கடைக்காரன் படித்துக் கசக்கின பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி புஷ்பமேரி வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பனை ஓலை வேலி போட்ட ஒரு துண்டு மணல். பக்கத்து வீட்டு யாகப்பம்மாளிடம் விதை வாங்கி அவள் போட்ட தோட்டம். 'ஒரு வாளி இறைச்சுக் குடுங்களேன்' என்று தினமும் கேட்பாள். எனக்குத் தினமும் ஒரு காரணம் இருக்கும். இடுப்பு வலி. அவசர வலை. காற்று சரியில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தால் கடல் ஞாபகம் வந்து குமட்டுகிறது என்றுகூட ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

அப்போதுதான் மாமா வந்தார்.

"ஏலே யேசு."

"வாங்க மாமா."

"என் வள்ளத்துல ஒரு ஆளு சிலோனுக்குப் போயிட்டான். பாஸ்கு கழிஞ்சதும் நீ ஏறுற."

பேப்பர் என் கையில் இருந்து தானாக விழுந்தது.

"எனக்குக் கடலு ஒத்துக்காதே மாமா!"

"பழகிரும்."

"மீனெல்லாம் வீணாப் போகுமே!"

"உன் வாயில சாக்கைக் கட்டி ஏத்துறேன். யேய் புஷ்பம், நல்ல சாக்கா ஒண்ணு எடுத்து வையி."

புஷ்பமேரி வாளியோடு வந்து நின்றாள். புருஷனுக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன்.

"அய்யா சொன்னா சொன்னதுதான்" என்றாள்.

மாதாவே! எனக்குக் கண்ணைக் கட்டியது. கரையில் இருந்தபடியே வள்ளம் ஆடுகிற மாதிரி இருந்தது. அந்த மயக்கத்தில் என் வாயில் இருந்து ஒரு வார்த்தை வந்தது.

"மாமா, நான் விவசாயி!"

மாமா என்னைப் பார்த்தார். புஷ்பமேரி பார்த்தாள். முற்றத்தில் மேய்ந்த கோழியும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"எங்கன இருக்கு உன் விவசாயம்?"

"வீட்டுக்குப் பின்னால."

"அது என் மக போட்டதுல்ல?"

"போட்டது அவ. மேற்பார்வை நானு."

மாமா சிரிக்கவில்லை. அதுதான் வினை. சிரித்திருந்தால் நான் அதோடு நிறுத்தியிருப்பேன்.

"பாஸ்கு கழிஞ்சு அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க மாமா. கடல்ல இருந்து ஒரு பொருளு இலையில இருக்காது. சந்தைக் காயி ஒண்ணு இருக்காது. எல்லாம் என் தோட்டத்துக் காயி. நானே தண்ணி ஊத்தி, நானே பறிச்சு, நானே சமைச்சுப் போடுறேன். நீங்க மிச்சம் வைக்காமத் தின்னுட்டு எந்திரிச்சா, நான் கரையில. மிச்சம் வச்சீகன்னா, மறுநாளே வள்ளத்துல."

"சமைக்கிறதும் நீங்களா?" என்றாள் புஷ்பமேரி.

"நானேதான்! நீ அடுப்பங்கரைப் பக்கமே வரக் கூடாது!"

வாய் இருக்கிறதே, அது ஓட ஆரம்பித்தால் நம்மைக் கேட்டுக்கொண்டா ஓடுகிறது?

மறுநாள் காலையில் வாளியைப் பிடித்தவன்தான். தீவு மணலைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு வாளி ஊற்றினால் 'எங்கே ஊற்றினாய்?' என்று கேட்கும். வெயில் ஏற ஏற இன்னும் தாகம் எடுக்கும் அதற்கு. நானும் இறைத்தேன், இறைத்தேன், கை காய்த்துப் போகும் மட்டும் இறைத்தேன். வலைக்காரர்கள் தேடி வந்தால், 'யேசு கிணத்தடியில' என்று புஷ்பமேரி பெருமையாகச் சொல்வாள். சொல்லிவிட்டு அவள் நிழலில் போய் உட்காருவாள். என் நிழலில்.

எனக்குத் தெரிந்த தொழில் வலை ஒன்றுதான். ஆகவே பந்தலுக்கும் வலையைத்தான் கட்டினேன். கிழிந்து போன பழைய வலையை நாலு கம்பில் இழுத்துக் கட்டி, பீர்க்கங்கொடியை அதில் ஏற்றிவிட்டேன். யாகப்பம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"ஏன் யேசு, பீர்க்கங்காய்க்கு வலை எதுக்கு? நீந்திப் போயிருமோ?"

"அக்கா, உங்க வேலையைப் பாருங்க."

"என் வேலையே இப்ப இதுதான். பொழுது நல்லாப் போகுது. ஏன்டி புஷ்பம், உன் வீட்டுக்காரரு செடிகிட்ட என்னமோ பேசுறாரே?"

"பூவு உதிருதாம்க்கா. உதிராதேன்னு கெஞ்சுறாரு."

"உன்கிட்ட இப்படிக் கெஞ்சியிருக்காரா?"

"ஒரு நாளும் இல்லக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உயிர் போகிறது எனக்கு. அவர்களுக்கென்ன?

புடலங்காய் வளையாமல் வளர நுனியில் சின்னக் கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நேராக வளர்ந்தால் போதுமா, நீளமாகவும் வளர வேண்டாமா என்று நான் பெரிய கல்லாகப் பார்த்துக் கட்டினேன். காலையில் போய்ப் பார்த்தால் கல்லும் காயும் ஒன்றாய்த் தரையில் கிடக்கின்றன. அதற்குப் பிறகு அடக்கமான கல்லாகக் கட்டினேன். உரத்துக்கு மாமா வள்ளத்தில் இருந்தே மீன் குடலும் செதிலும் கேட்டு வாங்கிப் புதைத்தேன். 'எதுக்குலே?' என்று மாமா கேட்டார். 'உங்களை ஜெயிக்கத்தான்' என்றேன். அவர் இன்னும் ஒரு கூடை போடச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

காய்த்தது ஐயா, காய்த்தது! பாஸ்குத் திருநாள் கழிந்த வாரம் பார்க்க வேண்டுமே தோட்டத்தை. சுரைக்காய் ஒவ்வொன்றும் கைக்குழந்தை மாதிரி மணலில் படுத்துக் கிடந்தது. கத்தரிச் செடி பாரம் தாங்காமல் சாய்ந்தது. பீர்க்கங்காய் வலைக் கண்ணில் எல்லாம் தலையை நீட்டிக்கொண்டு தொங்கியது. முதல் சுரைக்காயைக் காம்போடு அறுத்துக் கையில் ஏந்தினபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் ஒன்றை உண்டாக்கிவிட்டேன் என்று இருந்தது. அதன் தலையில் ஒரு முத்தம் கொடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாகப்பம்மாள் இருமினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் பறித்துக் கூடையில் அடுக்கி முற்றத்தில் வைத்தேன். அடுக்கி முடித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எனக்குச் சமைக்கத் தெரியாது.

சுடுதண்ணீர் வைப்பேன். அதுவும் ஒரு தடவை தீய்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து புஷ்பமேரி வந்தாள். "முதல் காய்ப்பு கோயிலுக்குப் போகணும். மறந்துறாதீக."

எங்கள் ஊர் வழக்கம் அது. முதல் குலை தேங்காய், முதல் ஈத்துக் குட்டி, முதல் காய்ப்பு, எதுவானாலும் சந்தியாகப்பர் கோயிலில் கொண்டு போய் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அதை ஏலம் விடுவார்கள். பணம் கோயிலுக்கு. பொருள் எடுத்தவனுக்கு. அப்படி ஏலம் எடுத்த பொருளுக்கு ஒரு மரியாதை உண்டு. அது சந்தியாகப்பர் பொருள். சமைத்தால் உப்பு இல்லை, புளி இல்லை என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார்கள். வைத்தால் குற்றம்.

மிச்சம் வைக்க மாட்டார்கள்!

என் மூளைக்குள் விளக்குப் பிடித்த மாதிரி இருந்தது. மொத்தக் கூடையையும் கோயிலுக்குக் கொடுத்துவிடுவது. ஏலத்தில் நானே திரும்ப எடுத்துவிடுவது. மீன் தின்கிற ஊரில் சுரைக்காய்க்கு யார் போட்டிக்கு வரப் போகிறார்கள்? எடுத்து, எப்படியோ வேகவைத்து, 'மாமா, இது சந்தியாகப்பர் பொருள்' என்று சொல்லி இலையில் போட்டுவிட்டால் மாமாவின் வாய்க்குப் பூட்டு. கரி தின்னக் கொடுத்தாலும் வழித்துத்தான் தின்ன வேண்டும்.

"ஒரு காயி ரெண்டு காயி என்ன, கூடையோட எடுத்துட்டுப் போ" என்றேன்.

"அம்புட்டுமா?" புஷ்பமேரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எனக்குப் பக்தி இல்லேன்னா நினைச்ச?"

"நினைச்சேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. புஷ்பமேரி பீடத்தடியில் வைத்திருந்த கூடையை வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் மரியதாஸ் ஏலம் விடுவதற்கென்றே பிறந்தவர். அவர் குரல் பாம்பன் பாலம் வரைக்கும் கேட்கும். முதலில் ஒரு சேவல் போயிற்று. பிறகு ஒரு வெள்ளாட்டுக் குட்டி. பிறகு என் கூடை.

"யேசுதாஸ் வீட்டு முதல் காய்ப்பு! சுரையும் பீர்க்கும் பாரு, கத்தரியும் புடலையும் பாரு! கேளுங்கப்பா!"

ஒருவரும் கேட்கவில்லை. ஒருவன் கொட்டாவி விட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்டேன்.

"ஒரு தரம்" என்றார் உபதேசியார்.

"அதுக்கு மேல!" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். மாமா! வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முறுக்கின மீசை. எனக்கு வியர்த்தது. நான் மேலே கேட்டேன். அவர் அதற்கு மேலே கேட்டார். நான் கேட்டேன். என்னை அவர் கேட்டு முடிக்கவே விடவில்லை. கூட்டம் விழித்துக்கொண்டது. மாமனும் மருமகனும் சுரைக்காய்க்கு மல்லுக் கட்டினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? என் சட்டைப் பையில் இருந்தது அதோடு தீர்ந்தது. பெண்கள் பக்கம் பார்த்தேன். புஷ்பமேரி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"மூணு தரம்! சம்மாட்டி கஸ்பாருக்கு!"

மாமா கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். கொடியில் பிஞ்சுகூட மிச்சம் இல்லை. பேராசைப்பட்டு எல்லாவற்றையும் பறித்திருந்தேன். மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க அய்யா இப்படிப் பண்ணலாமா புஷ்பம்?"

"சந்தியாகப்பர் பொருளை விட்டுக் குடுப்பாரா? சம்மாட்டில?"

"இப்ப நான் என்னத்தச் சமைக்க?"

"அதான் எனக்கும் தெரியல. சாக்கு ஒண்ணு அலசிக் காயப் போடட்டுமா?"

"எதுக்கு?"

"வாயில கட்டத்தான்."

கூடப் பிறந்த தங்கைகூட இப்படிப் பேச மாட்டாள். கட்டின புருஷன் நாளைக்குக் கடலில் குடலைக் கக்கிக்கொண்டு கிடக்கப் போகிறான். இவள் சாக்கு அலசுகிறாள்! சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் அழுதுவிட்டேன்.

வாசலில் தொப்பென்று சத்தம் கேட்டது. கூடை! கூடைக்குப் பக்கத்தில் மாமா நின்றார்.

"சமையி" என்றார்.

"மாமா?"

"காயி போச்சு, அதனால பந்தயமும் போச்சுன்னு நீ சொல்லிறக் கூடாதுல்ல? இந்தா இருக்கு. உன் தோட்டத்துக் காயிதானே? சமையி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். பாவம் மனுஷன்! சந்தியாகப்பர் பொருளைத் தன் காசிலேயே எடுத்து, தன் தோளிலேயே சுமந்து வந்து, தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்கிறார். என் யோசனை நான் நினைத்ததைவிட நல்ல யோசனையாக இருக்கிறதே!

புஷ்பமேரியை வெளியே அனுப்பினேன். அவள் போய்த் தென்னை மரத்தடியில் உட்கார்ந்தாள். யாகப்பம்மாளும் வேலி தாண்டி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கூத்துப் பார்க்க வருகிறவர்கள் மாதிரி வெற்றிலைப் பெட்டியோடு வந்தாள்.

சமையல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்பதை நான் கண்டுகொண்டேன். காயை நறுக்க வேண்டும். நறுக்கினேன். விரலையும் கொஞ்சம் நறுக்கிக்கொண்டேன். சட்டியில் போட வேண்டும். போட்டேன். பருப்பு, மிளகாய், புளி, கண்ணில் பட்டது எல்லாவற்றையும் மரியாதையாக அந்தந்தச் சட்டியில் சேர்த்தேன். தண்ணீர் விடும்போதுதான் சின்னத் தடங்கல். பானையில் இருந்த நல்ல தண்ணீரை எல்லாம் காய் கழுவியே தீர்த்துவிட்டேன். நல்ல தண்ணீர்க் கிணறு பனங்காட்டுக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தூரம் யார் போவது? வீட்டுக்குப் பின்னால் என் கிணறு இருக்கிறதே. இத்தனை நாளும் நான் இறைத்த தண்ணீர், இந்தக் காய்கள் குடித்து வளர்ந்த தண்ணீர். அதிலேயே உலையும் வைத்தேன், குழம்பும் கூட்டி வைத்தேன். பிறகு எல்லாவற்றிலும் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டேன். சம்மாட்டிக்குக் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது.

ருசி பார்க்கவில்லை. சாமி பொருளை மற்றவர்களுக்கு முன்னால் நாம் வாயில் வைக்கலாமா?

சாப்பாட்டு வேளை தாண்டி இலை போட்டேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, சுரைக்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், பீர்க்கங்காய் என்னமோ ஒன்று. அதற்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை. மாமா சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சந்தியாகப்பர் பொருளு மாமா" என்று மறக்காமல் ஞாபகப்படுத்தினேன்.

முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெல்லவில்லை. அப்படியே இருந்தார். மீசை இரண்டு பக்கமும் மெல்ல மேலே எழுந்தது. கண்ணில் நீர் கட்டியது. விழுங்கினார். யாகப்பம்மாள் கொண்டுவந்து வைத்த செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்படி மாமா?"

"ம்."

நான் அடுப்படிக்கு ஓடி, கூட்டில் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

சேசுவே! அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கடலோரக் கிணறு கோடையில் உவர்த்துப்போகும். குளிர் காலத்தில் வாயில் வைக்கலாம். சித்திரையில் செடி குடிக்கும், நாம் குடிக்க முடியாது. இது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் மேற்கொண்டு உப்பையும் அள்ளிப் போட்டிருக்கிறேன். கடலில் இருந்து ஒரு பொருள் இலையில் இருக்காது என்று சொன்னேன் அல்லவா? கடலே இருந்தது.

முடிந்தது கதை என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றேன். சந்தியாகப்பரே இதை மிச்சம் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஆனால் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! ஒரு கவளம், ஒரு மடக்குத் தண்ணீர். ஒரு கவளம், ஒரு மடக்கு. நெற்றியில் வியர்வை ஓடியது. யாகப்பம்மாள் வாசலில் நின்று செம்பை நிரப்பி நிரப்பிக் கொடுத்தாள், அவள் வீட்டு நல்ல தண்ணீரில். புஷ்பமேரி உள்ளே வந்தாள்.

"அய்யா, கூட்டு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

மாமா தன் மகளைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"வையி" என்றார்.

அதையும் தின்றார். இலையை வழித்தார். கடைசிப் பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அருமை" என்றார். குரல் கரகரத்தது. "பந்தயத்துல நீ ஜெயிச்சுட்டப்பா."

அப்பாடா! எனக்கு உடம்பு பூரா லேசாகிவிட்டது. தூக்கிப் பறக்கிற மாதிரி இருந்தது. நாளைக்குக் கடல் இல்லை! குமட்டல் இல்லை! சாக்கு இல்லை! என் யோசனை என்ன யோசனை, சந்தியாகப்பர் மகிமை என்ன மகிமை!

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

"மாமா, நீங்க தோத்துட்டீகன்னு மனசு விட்றாதீக. உங்க வள்ளத்துல ஆளு இல்லாம கஷ்டப்படுறது எனக்குத் தெரியாதா? நாளைக்கு வேணா ஒரே ஒரு நாளு வந்து கை குடுக்குறேன்."

மாமா கையில் இருந்த செம்பு கீழே விழுந்தது.

"வேண்டாம்பா! சாமி! உனக்குப் புண்ணியமாப் போகும், வேண்டாம்!" இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "உன்னைய ஏத்த வேண்டி வந்துருமோன்னு பயந்துதானே அந்தக் கூட்டை ரெண்டாந்தரமும் தின்னேன்? நாக்கு இன்னும் மரத்துக் கிடக்குலே!"

"என்ன மாமா சொல்றீக?"

"காலையில கூடையைக் கோயில்ல பாத்ததும் எனக்கு உசுரே போச்சு. உன் பையில எம்புட்டு இருந்துறப் போகுது? உனக்கு மேல வேற எவனாச்சும் கேட்டு எடுத்துட்டா நீ எதைச் சமைப்ப? சமைக்காட்டி சொன்ன சொல்லுக்கு உன்னைய நான் ஏத்தணும்ல? அதான் விட்டுக் குடுக்காம நானே எடுத்தேன். என் வள்ளத்து மீனை ஊர்ச் சனங்க மறுபடி கையில தொடவே ரொம்ப நாளாச்சுடா யேசு!"

"அப்ப சிலோனுக்குப் போன ஆளு?"

"எவனும் போகல. எல்லாவனும் இங்கனதான் கிடக்கான். உன் பொண்டாட்டிதான் வந்து, 'அய்யா, ஒரே ஒரு மிரட்டு மிரட்டுங்க, அவுக வாளியைத் தொட்டுருவாக'ன்னு சொன்னா. நான் மிரட்டுனேன். நீ சபதம் போடுவேன்னு நாங்க ரெண்டு பேருமே நினைக்கல. அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் கிடையாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், யாகப்பம்மாள் வீட்டுப் பானையை நோக்கி நடந்தார்.

நான் புஷ்பமேரி பக்கம் திரும்பினேன். அவள் எச்சில் இலையை மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"உண்மையா?"

"தண்ணி இறைச்சீகள்ல?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எங்கே வருகிறது? நாளைக்குக் கடல் இல்லை என்கிற சந்தோஷம் நெஞ்சில் அடைத்துக்கொண்டு மற்ற எதையும் உள்ளே விட மாட்டேன் என்கிறது. மாமா என்னை ஏற்றவே மாட்டார். நாளைக்கு இல்லை, என்றைக்குமே இல்லை. என்னைவிட அவருக்குத்தான் பயம் அதிகம். இது தெரியாமல் எத்தனை வாளி இறைத்தேன்! நிமிர்ந்து நின்றேன். கல்யாணம் ஆனதில் இருந்து இப்படி நான் நிமிர்ந்ததே இல்லை.

"கேட்டுக்க புஷ்பம். உன் மிரட்டு இனிப் பலிக்காது. நாளையில இருந்து நான் அந்த வாளியைத் தொட மாட்டேன்."

"வேண்டாம்" என்றாள்.

உடனே சரி என்று சொல்லிவிட்டாளே என்று இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் வந்தது.

"நிசமாவா?"

"நிசமாத்தான். ஆனா நீங்களே போயிச் சந்தியாகப்பர்கிட்டச் சொல்லிருங்க."

"அவருகிட்ட நான் என்னத்தச் சொல்லணும்?"

"காலையில கூடையைப் பீடத்தடியில வைக்கும்போது ஒரு நேர்த்தி வச்சேன். 'என் புருசன் கடலுக்குப் போகாமக் கரையிலயே இருந்தா, அவரு கையால தண்ணி ஊத்தி வளத்த காயி மாசம் ஒரு கூடை உமக்கு'ன்னு. கேட்டதும் குடுத்துட்டாருல்ல? இனி நீங்கதான் செலுத்தணும்."

உட்கார இடம் தேடினேன்.

"எம்புட்டு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"யாரு ஆயுசுக்கும்?"

"உங்க ஆயுசுக்குத்தான். நானா தண்ணி இறைக்கப் போறேன்?"